தகரமும் தையல் மெஷினும்

அப்பாவின் விரல் தகடுகளைத் தலைகீழாக மாட்டி வைத்திருந்தார்கள். சவப்பெட்டிக்கு மேல் குனிந்து அவருடைய டையைச் சரிசெய்துகொண்டிருந்த நடீன் அதைப் பார்த்தாள். கையை நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, டையையே இன்னொரு முறை நீவிவிட்டு நிமிர்ந்தாள்.

பான்ஜோ என்கிற கம்பி வாத்தியத்தை வாசிக்கிறவன் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் போட்டுக்கொள்கிற தகடு நகத்தின் மேல் உட்காராது. சதைப் பக்கமாக வளைந்து, கம்பியைத் தொடுகிற இடத்தில் இருக்கும். இறுதிச் சடங்குக் கூடத்துப் பெரியவர் அதை நகத்துக்கு மேல் இன்னொரு நகம்போலப் பொருத்தி, கையை வயிற்றின் மேல் மடக்கி வைத்து, "எவ்வளவு அம்சமா இருக்கு பாருங்கம்மா" என்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நடீன் தலையாட்டினாள். யார் கண்ணில்தான் படுகிறது, பார்த்துவிடலாம் என்று ஒரு வீம்பு.

பத்து மணியிலிருந்து அந்தப் பள்ளத்தாக்கே வந்து போனது. அப்பா ஓர்வில் ஸ்டாம்பருடன் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர்கள் வந்தார்கள். முப்பது வருஷமாகச் சனிக்கிழமைதோறும் அவருடைய பான்ஜோவுக்கு ஆடியவர்கள் வந்தார்கள். தேவாலயத்துப் பெண்கள் பன்றித்தொடைக் கறியையும் பீன்ஸையும் மூடிபோட்ட பாத்திரங்களில் கொண்டுவந்து பின்னறையில் அடுக்கினார்கள். எல்லோரும் பெட்டியருகே நின்று அந்தக் கையைப் பார்த்தார்கள்.

"தூங்குற மாதிரியே இருக்காரு."

"இப்ப எந்திரிச்சு ஒரு பாட்டு வாசிப்பாரு போல."

இந்தத் தகட்டை வைத்துக்கொண்டா என்று நடீன் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். இத்தனை பேர் கைதட்டினார்களே, ஒருத்தராவது அப்பாவின் கையைப் பார்த்ததுண்டா? அம்மா இருந்திருந்தால் பார்த்திருப்பாளா என்பதும் சந்தேகம்தான். அந்தக் கை அம்மா பக்கம் திரும்பிய நாட்கள் குறைவு.

மதியம் லான்சோ ராட்லிஃப் உள்ளே வந்தார். பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஓர்வில் பான்ஜோ, லான்சோ ஸ்டீல் கிட்டார். ஒரே மேடையில் பதினாலு வருஷம். உட்கார்ந்துகொண்டு காலால் மிதித்து, முட்டியால் தள்ளி வாசிக்கிற அந்த வாத்தியத்துக்கு அப்பா வைத்த பெயர் தையல் மெஷின். "பாட்டு முடிஞ்சதும் எனக்கும் ஒரு சட்டை தச்சுக் குடுடா" என்று மேடையிலேயே கேட்பார். அப்பாவுக்கு லான்சோ வைத்த பெயர் தகரம். அவர் மைக்கில் பதில் சொல்லுவார்: "ஓர்வில் வீட்டுப் பக்கம் நேத்து மழைங்க. தகரக் கூரையில விழுதா, இவன் சாதகம் பண்றானான்னு ராத்திரி பூரா எனக்குப் பிடிபடல." ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். வாரத்தில் மூன்று நாள் லான்சோவுக்குச் சாப்பாடு இவர்கள் வீட்டில்தான்.

பிறகு நாஷ்வில்லில் இசைத்தட்டுப் பதிவு வந்தது. பதிவுக்காரன் முதல் பாட்டைப் பாதியில் நிறுத்தி, பான்ஜோ வேண்டாம், மாட்டுக்கொட்டகை வாடை அடிக்கிறது, ஸ்டீல் மட்டும் இருக்கட்டும் என்றான். அப்பா லான்சோவைப் பார்த்தார். லான்சோ குனிந்து கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுருதி சேர்ந்திருந்த கம்பி அது என்று அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பா பான்ஜோவைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு தனியாகக் காரோட்டி வந்து சேர்ந்தார். மூன்று வருஷம் கழித்து லான்சோவும் ஊர் திரும்பி நிலக்கரி லாரி ஓட்டினார். ஓடைக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவர். மொத்தம் பத்தொன்பது வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேலி மட்டும் நிற்கவில்லை. யார் வாயிலாவது ஏறி ஓடையைத் தாண்டிப் போகும், பதிலோடு திரும்பி வரும்.

அந்தப் பத்தொன்பது வருஷமும் வீட்டில் லான்சோதான் இருந்தார். காலை காப்பியிலிருந்து அவரைப் பற்றித்தான் பேச்சு. அம்மா செத்தபோது லான்சோ கல்லறைத் தோட்டத்துக்குள் வராமல் கீழே சாலையில் கார் பக்கத்திலேயே நின்றுவிட்டுப் போனார். அப்பா அதற்கப்புறம் ஆறு மாசம் அம்மாவைப் பற்றிப் பேசவில்லை. "உள்ள வந்திருக்கலாம்ல அந்தத் தையக்காரன்? வந்திருந்தா என்ன, கடிச்சா தின்னுருவேன்?" என்றே மாய்ந்துபோனார். நடீன் ஓஹையோவில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறேன் என்று பெட்டி கட்டியதைக்கூட அவர் சரியாகக் கவனித்தாரா என்பது தெரியாது. அவளுக்கு வயிறு எரிந்தது அன்றைக்கும், இன்றைக்கும்.

லான்சோ தொப்பியைக் கையில் பிடித்தபடி நேராகப் பெட்டியிடம் வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தார்.

"எந்தக் கபோதி இத மாட்டுனது?"

கூடத்துப் பெரியவர் எதற்கென்று புரியாமல் விழித்தார். லான்சோ தொப்பியை நாற்காலியில் போட்டுவிட்டு இரண்டு தகடுகளையும் கழற்றினார். ஒன்றைச் சதைப் பக்கமாகப் போட்டார். இன்னொன்றைக் கட்டைவிரலால் நெம்பிக் கொஞ்சம் அகலப்படுத்தினார்.

"நடுவிரலு அவனுக்குத் தொளதொளன்னு இருக்கணும். இறுக்கிட்டா கத்துவான்." மாட்டிவிட்டு அந்தக் கையை லேசாகத் தட்டினார். "ஏய் தகரம். போற எடத்துலயாவது தாளத்த விடாம இரு."

அவருடைய மூக்கிலிருந்து நீர் ஒழுகியது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை அவருக்கு. நடுவிரல் தொளதொளப்பாக இருக்க வேண்டும் என்பது மகளுக்குத் தெரியாத விஷயம். ஒரு பார்வையில் தப்பைக் கண்டுபிடித்துவிட்டாரே, தானே திருப்பிப் போட்டிருக்கலாமே என்று அவள் மேல் அவளுக்கே எரிச்சலாக வந்தது.

"வந்ததுக்கு நன்றி, மிஸ்டர் ராட்லிஃப்."

"மாமான்னு கூப்பிடுவியே பிள்ள."

"அது பன்னண்டு வயசுல."

அவர் தலையாட்டிக்கொண்டார். சன்னலோரம் வரைக்கும் அவளோடு நடந்து வந்து, குரலைத் தாழ்த்தி, "கடைசியில என்னப் பத்தி எதாவது சொன்னானா?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அது. அப்பாவுக்கு மூச்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. கண் மூடியே இருந்தது. வலது கை மட்டும் போர்வையின் மேல் எதையோ தேடியது. தன் கையைத்தான் தேடுகிறார் என்று நடீன் நினைத்தாள். முப்பத்தொரு வயதில் முதல் தடவையாக அவருடைய உள்ளங்கைக்குள் தன் விரல்களைச் செருகினாள். அப்பா கட்டைவிரலால் அவற்றைத் தள்ளிவிட்டார். இரண்டாம் முறை செருகியபோது உதறினார். பிறகு மூன்று விரல்களையும் சேர்த்து ஒரு கிள்ளல். நிறுத்தம். மறுபடி ஒரு கிள்ளல். நிறுத்தம்.

பான்ஜோவைத் தொட்டவளல்ல அவள். ஆனால் சின்ன வயதில் மேடையடியில் உட்கார்ந்து அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். தன் முறை வரும்போது அப்பாவின் விரல்கள் ஓயாமல் உருளும். லான்சோவின் முறை வந்தால் சட்டென்று அடங்கி, இப்படிக் கிள்ளிக் கிள்ளி, அவருக்கு இடம் விட்டுக் கொடுக்கும். கண் லான்சோவின் முகத்தை விட்டு நகராது. போர்வையின் மேல் அந்தக் கை இரண்டு மணி நேரம் அதையே செய்தது. நர்ஸ் வந்து, "அப்பா என்ன கேக்கறாரு?" என்றபோது, "ஒண்ணுமில்ல, சும்மா நரம்புதான்" என்றாள் நடீன்.

"இல்ல" என்று இப்போது சொன்னாள். "ஒண்ணும் சொல்லல."

"திட்டக்கூட இல்லையா?"

"இல்லங்கிறேன்ல."

பொய் ஒன்றும் இல்லை. அப்பா வாயைத் திறக்கவேயில்லை.

லான்சோ சன்னல் வழியாகத் தன் காரைப் பார்த்தார். "வாத்தியத்த வண்டியிலேயே வச்சிருக்கேன். ஒரு பாட்டு. நீ சரின்னா வாசிக்கறேன். வேணாம்னா அப்படியே எடுத்துட்டுப் போயிடறேன்."

"அப்பாவே சொல்லியிருக்காரு. 'என் சாவுல அந்தத் தையல் மெஷின் சத்தம் கேட்டுச்சுன்னா பெட்டியிலேருந்து எந்திரிச்சு வெளிய நடந்துருவேன்'னு."

லான்சோவின் தோள் குலுங்கியது. பத்தொன்பது வருஷம் கழித்து நேரில் வந்து சேர்ந்த கேலி. "அப்ப வாசிச்சா எந்திரிப்பானா?" என்றார். "எந்திரிச்சா நல்லதுதானேம்மா."

சிரித்தபடியே அவள் முகத்தைப் பார்த்தார். அதில் சிரிப்பு இல்லை. அப்பா அதை வேடிக்கையாகத்தான் சொன்னார், ஓடைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரட்டும் என்றுதான் சொன்னார் என்பது நடீனுக்குத் தெரியும்.

"வேணாம், மிஸ்டர் ராட்லிஃப்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

கல்லறைத் தோட்டம் ஒரு மேட்டின் மேல் இருந்தது. அக்டோபர் காற்றில் ஓக் இலைகள் குழிக்குள்ளேயே பறந்து விழுந்தன. போதகர் எஸ்டில் தொடங்கிய பாட்டு வாத்தியம் இல்லாமல் ஆளுக்கொரு சுருதியில் இழுத்துக்கொண்டு போனது. நடீன் பாடவில்லை. கீழே சாலையைப் பார்த்தாள். அம்மாவின் சாவில் நின்ற அதே இடத்தில் லான்சோ கார் பக்கத்தில் நின்றிருந்தார்.

அவருடைய இடது கை கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்தது. ஸ்டீல் கிட்டாரின் கம்பிகள் மேல் வைத்து இழுக்கிற எஃகு உருளை அது. அதைக் காரின் பானெட் மேல் வைத்து மெதுவாக நகர்த்தினார். சத்தம் மேலே வரவில்லை. உருளை நகர்ந்தது, நின்றது. அதே அளவு நேரம் காத்திருந்தது. மறுபடி நகர்ந்தது.

அந்த நிறுத்தங்களில் என்ன வந்து விழ வேண்டும் என்பது இந்த உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். பாட்டின் ஒரு பாதியைப் போர்வை மேல் பார்த்தாள். மறு பாதி இதோ கீழே. மேட்டிலிருந்து சாலைக்கு முப்பது காலடி தூரம் இருக்கும். அப்பா கை உங்களுக்குத்தான் வாசித்தது மாமா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

எனக்கு யார் என்ன சொன்னார்கள் என்று நினைத்தாள். தள்ளிவிட்ட அந்தக் கட்டைவிரலின் அழுத்தம் இன்னும் அவள் விரல்களில் இருந்தது.

பாட்டு ஒருவழியாக முடிந்தது. போதகர் புத்தகத்தை மூடிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். "மண்ணு போடறதுக்கு முன்ன, யாருக்காவது ஒரு வார்த்தை சொல்லணும்னு இருக்கா?"

எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். நடீன் குனிந்து கையுறையை விரல் விரலாகக் கழற்றினாள்.

"இல்ல போதகரே. முடிச்சிருங்க, குளிருது."

ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது கண் மறுபடியும் சாலைக்குத்தான் போனது. உருளை பானெட்டின் மேல் நின்றிருந்தது. லான்சோ தலையைக் கொஞ்சம் சாய்த்து, அடுத்தவன் முறை முடியட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.