உழுத வழி

பானுப்ரியாவுக்கு விழுப்புரத்தில் நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் வேலை கிடைத்தபோது, அது என்ன வேலை என்று அவளுடைய ஊரில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. பனமலைப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கு அரசாங்க உத்தியோகம் என்றால் வாத்தியார், போலீஸ், வி.ஏ.ஓ., அவ்வளவுதான். "எந்த நெலம் வீட்டுமனை ஆவலாம், எது வயலாவே இருக்கணும், ரோடு எங்க விடணும்னு பாத்து எழுதற வேல" என்று அவள் விளக்கினால், "அதான் நெலத்துக்காரனுக்கே தெரியுமே, இதுக்கு ஒரு ஆபீசா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அவளுடைய அப்பா தேவநாதன் மட்டும் மகள் பெரிய இடத்தில் இருப்பதாக அனந்தபுரம் சந்தை வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். பெரிய இடமெல்லாம் ஒன்றும் இல்லை. மேலே இருப்பவர்கள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டுமானால், கீழே இருக்கும் யாராவது வெயிலில் நின்று பார்த்துவிட்டு வந்து எழுதித் தர வேண்டும். அந்தக் கீழே இருப்பவள் இவள்.

அப்படித்தான் ஒரு சித்திரை மாதப் பகலில், திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்தில், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் பிடுங்கி முடித்த கொல்லை ஒன்றில் அவள் வந்து நின்றாள். அந்த நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்க அனுமதி கேட்டு மனு வந்திருந்தது. மனுப் போட்ட கம்பெனியின் ஆள் பிரவீன்குமார் ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் இளநீருமாகக் காத்திருந்தான். இரண்டையும் அவள் வாங்கிக்கொள்ளவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அந்த அளவு ரோஷம் இருக்கும்.

கொல்லைக்குக் கிழக்கே காலனி. மேற்கே ஏரிக்கரை, அதன் சரிவில் காலனிக்காரர்களின் இடுகாடு. இரண்டுக்கும் நடுவில்தான் இந்த நிலம் கிடந்தது. அவள் வரைபடத்தைப் பிரித்து நான்கு எல்லையையும் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, காலனிப் பக்கமிருந்து ஒருவர் மெல்ல வந்து தள்ளியே நின்றார். ஐம்பது தாண்டிய ஆள். கைவிரல் இடுக்குகளில் சிமெண்ட் காய்ந்து கிடந்தது. பெயர் இருதயராஜ், கொத்தனார் வேலை என்று அவராகவே சொன்னார்.

"மேடம், இங்க மனை போட்டுட்டா எங்க பொணத்த எந்த வழியில தூக்கிக்கினு போறதுங்க?" என்றார்.

பிரவீன்குமார் முந்திக்கொண்டான். "இவங்க இப்பிடித்தான் மேடம், வேல ஆரம்பிச்சா வந்து நிப்பாங்க. நீங்களே பாருங்க. எங்கயாவது பாதை இருக்கா?"

அவள் பார்த்தாள். பாதை இல்லை. கையிலிருந்த புலப்படத்திலும் இல்லை. அது சர்வேக்காரர்கள் எந்தக் காலத்திலோ நிலத்தை அளந்து போட்ட படம். அதில் கிணறு இருந்தது, ஒரு பனைமரம்கூட இருந்தது. வழி மட்டும் இல்லை.

"போன மாசம் எங்கூட்டுக்காரிய இப்பிடித்தாங்க கொண்டுபோனோம்" என்று இருதயராஜ் கையை நீட்டிக் காட்டினார். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து இதான் வழி. சுத்திக்கினு போறதுக்கு வேற தடம் கெடையாதுங்க."

"போன மாசம் போனீங்கன்னா காலடி எங்க, சொல்லு" என்றான் பிரவீன்குமார்.

இருதயராஜ் அதே பக்கம் இன்னொரு தரம் கையை நீட்டினார். அவர் காட்டிய பக்கம் பானுப்ரியா மறுபடியும் பார்த்தாள். கொல்லை முழுவதும் வெயிலில் இறுகி வெடித்துக் கிடந்தது. நடுவில் மட்டும், காலனி முனையிலிருந்து ஏரிக்கரை வரைக்கும், ஒரு வண்டி போகும் அகலத்துக்கு மண் புரட்டிப் போடப்பட்டிருந்தது. கட்டி கட்டியாக, புது உழவு.

கோடை உழவு ஓட்டுகிறவன் மழை பெய்த பிறகு ஓட்டுவான், முழுக் கொல்லையையும் ஓட்டுவான். காய்ந்த மண்ணில் ஒரு பட்டையை மட்டும் யார் உழுவார்கள்? அதுவும் மனைக்கு விற்று, பத்திரமும் ஆன நிலத்தில்? பட்டணத்திலிருந்து வந்த ஆபீசர் யாராவது அங்கே நின்றிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. பட்டாலும் ஒன்றும் தோன்றியிருக்காது. பானுப்ரியாவுக்குத் தோன்றியது.

அவள் ஊரிலும் காலனிப் பக்கம் சாவு மேளம் கேட்டால், மறுநாள் விடிந்ததும் அப்பா டிராக்டரை எடுப்பார். சின்ன வயதில் அவளும் மட்கார்டு மேல் ஏறி உட்கார்ந்துகொள்வாள். ஒரே ஒரு பட்டை மட்டும் ஓட்டிவிட்டு வண்டியைத் திருப்பிவிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, ஆள் நடந்தால் மண் இறுகிப் போகும் என்றார். அவளும் நம்பினாள். இத்தனை படிப்பு படித்த பிறகும், நில உபயோகம் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிய பிறகும், அந்தப் பட்டையைப் பற்றி ஒருநாளும் அவள் யோசித்துப் பார்த்ததில்லை. நடந்த தடம் பாதையாக விழுந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்த உழவு. இப்போது அந்த வெயிலில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் வரைபடத்தை மடித்தாள்.

அலுவலகத்தில் உதவி இயக்குநர் அன்புச்செல்வன் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். கோர்ட்டு வாசலை மிதிக்காமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை அவருக்கு இல்லை.

"நீ சொல்றது நெசமாத்தான் இருக்கும்மா" என்றார். "நடைமுறையில பாதை இருந்தா அத விட்டுட்டுத்தான் மனை போடணும், ரூலே இருக்கு. ஆனா படத்துல இல்ல, தரையிலயும் இல்ல. அந்தக் கொத்தனார் சொல்றாருன்னு எழுதுனா, அவரு வழி கேக்கறவரு, சொல்லத்தான் செய்வாருன்னு வக்கீல் ஒரே வரியில தள்ளிடுவான். நெலத்துக்காரரு ஒத்துக்கினா வேற பேச்சே இல்ல. எவன் ஒத்துக்குவான்?"

நிலத்தை விற்றவர் பெயர் சுப்பராயலு. மறுநாளே அவள் அவர் வீட்டுக்குப் போனாள். போகும்போது அவளிடம் திட்டம் ஒன்றும் இருக்கவில்லை. கேட்டுப் பார்ப்போம், விரட்டினால் திரும்பிவிடுவோம் என்றுதான் போனாள்.

எழுபதை எட்டிய பெரியவர். ஷீட் போட்ட முன்பக்கத்தில் மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் ஆள் என்றதும் முகம் இறுகியது. "எந்த ஊரும்மா?" என்றார். சொன்னாள். "யாரு பொண்ணு?" என்றார். அதையும் சொன்னாள். முகம் அப்படியே மாறிப்போனது.

"தேவநாதன் மவளா? அட, இத மொதல்லியே சொல்லக் கூடாதா? உங்கப்பனுக்கு நான் அண்ணன் மொற ஆவணும். உங்க பாட்டனாரு காரியத்துக்குக்கூட வந்துட்டுப் போனேன்." உள்ளே திரும்பி மோர் கொண்டுவரச் சொன்னார். "நம்ம பொண்ணே அந்த ஆபீசுல இருக்குதுன்னா அப்பறம் இன்னா கவல?"

மோர் வந்தது. இந்த முறை அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. குடித்துவிட்டுக் கேட்டாள். "பெரிப்பா, அந்தக் கொல்லையில காலனிக்காரங்களுக்கு வழி இருக்குதுன்னு சொல்றாங்களே?"

"வழியா?" பெரியவர் சிரித்தார். "நான் இருக்கறப்ப எப்பிடிம்மா வழி விழும்? பொணத்தத் தூக்கிக்கினு போவாங்க, அது வாஸ்தவம். செத்தவன வேற எங்க கொண்டுபோவான், போறத நாம தடுக்கறதில்ல. ஆனா மறுநாளே ஏரப் பூட்டிடுவேன். எங்கப்பா செஞ்சாரு, நானும் செய்யறேன். பயிரு இருந்தாலும் சரி, அந்தப் பட்டைய அழிச்சி ஓட்டிட்டு மறுபடி வெதச்சிடுவோம். ஒரு சாவுக்குக்கூட உட்டதில்ல. போன மாசம் அந்த மேஸ்திரி பொண்டாட்டி போச்சே, நெலம் கைமாறிடுச்சுன்னு தெரியும், இருந்தாலும் மனசு கேக்கல. டிராக்டர் வச்சி நானே ஓட்டிட்டு வந்தேன்."

அதில் அவருக்கு ஒளிக்க ஒன்றுமே இல்லை. ஒழுங்காகக் குடித்தனம் பண்ணியவர் தன் பொறுப்பைச் சொல்வது மாதிரி சொன்னார். பாதை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது என்றே அவர் நினைத்தார். இப்படிப் பேசும் குரலைப் பானுப்ரியா பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"நீங்க சொன்னத அப்பிடியே வாக்குமூலமா எழுதிக்கட்டுமா, பெரிப்பா?"

"எழுதிக்கோ, நல்லா எழுதிக்கோ."

எழுதினாள். சொன்னதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை, ஒரு சொல் குறைக்கவும் இல்லை. எழுதி முடித்து அவருக்கு நிறுத்தி வாசித்துக் காட்டினாள். "காலனியில் சாவு விழும்போதெல்லாம் சடலத்தை இந்தப் புலத்தின் வழியாகவே தொன்றுதொட்டு எடுத்துச் செல்கிறார்கள். அதன் தடம் நிலைக்காதபடி என் தகப்பனாரும் நானும் ஒவ்வொரு முறையும் மறுநாள் உழுது வந்திருக்கிறோம்." பெரியவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். "கரெக்டா எழுதிட்ட. படிச்ச புள்ளன்னா சும்மாவா?" என்று கையெழுத்துப் போட்டார். அவள் எழுந்தபோது ஒரு பை நிறைய மல்லாட்டை கட்டிக் கொடுத்தார். அதையும் அவள் வாங்கிக்கொண்டாள். வாங்காமல் வருவது இன்னும் பெரிய பொய்யாக இருந்திருக்கும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்தது ஒன்றும் ஆறுதலாக இல்லை.

அன்புச்செல்வன் அந்தத் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். "இது போதும்மா" என்றார். பிறகு, "அவரு இது இன்னான்னு தெரிஞ்சுதான் போட்டாரா?" என்று கேட்டார்.

"படிச்சிக் காட்டினேன் சார்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நிலத்தின் நடுவே காலனியிலிருந்து இடுகாடு வரை பொதுப்பாதை விட்டு, அதை ரோடாகப் போட்டுப் பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்தால்தான் மனைகளுக்கு அனுமதி என்று உத்தரவு போனது. கம்பெனிக்காரர்களுக்கு இரண்டு வரிசை மனை குறைந்தது. பிரவீன்குமார் அலுவலகத்தில் வந்து கத்திவிட்டு, கடைசியில் பாதையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அது ஒரு பொருட்டில்லை. சுப்பராயலு கத்தவில்லை. நேரே பானுப்ரியாவின் அப்பாவுக்குப் போன் போட்டார்.

அந்த வாரம் அவள் ஊருக்குப் போனபோது தேவநாதன் அவளிடம் முகம் கொடுக்கவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நம்ம பொண்ணுன்னு நம்பித்தான சொன்னாரு? உன் வாயால பெரிப்பான்னு கூப்புட்டுட்டு இப்பிடியா பண்ணுவ?"

"நான் எழுதுனதுல ஒரு வார்த்த பொய் இருந்தா காட்டச் சொல்லுப்பா."

"பொய் இல்ல. அதான் பேஜாரா இருக்குது" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நானும்தான் ஓட்றேன். என்னியும் எழுதிடுவியா?"

"கேட்டு வந்தா எழுதுவேன்பா."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு மகள் பெரிய இடத்தில் இருப்பதாக அவர் யாரிடமும் சொன்னதாக அவள் காதுக்கு எட்டவில்லை. சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு அவர்கள் வீட்டுக்குப் பத்திரிகை வரவில்லை. செய்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் வலித்தது.

உத்தரவின் நகலை வாங்கிக்கொள்ள இருதயராஜ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு விழுப்புரத்துக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே இருந்தார். அவள் படத்தை மேசையில் விரித்து, சிவப்புக் கோடு போட்ட இடத்தைக் காட்டினாள்.

"இனிமே இது பஞ்சாயத்து ரோடுங்க. யாரும் உழ முடியாது, வேலி போட முடியாது."

அவர் குனிந்து கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். தொடவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அப்ப, சாவு இல்லாமலும் அதுல போலாங்களா மேடம்?"

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"பெட்டியத் தூக்கிக்கினு போறப்ப மட்டுந்தாங்க எங்கள உடுவாங்க. பொதச்சிட்டு எல்லாரும் ஒண்ணா திரும்பி வந்துடணும். அப்பறம் கால வைக்கக் கூடாது. கல்லறைத் திருநாளுக்கு ஏரிக்குள்ள எறங்கிச் சுத்திக்கினு போவோம், அதுவும் தண்ணி இல்லாத வருசத்துல. ஐப்பசி மழையில ஏரி ரொம்பிட்டா காலனிப் பக்கத்துக் கரையில நின்னே மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துடறது." அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கூட்டுக்காரிய வச்சிட்டு வந்ததோட சரிங்க. அதுக்கப்பறம் போய்ப் பாக்கல."

பாதை, தடம், ரூல் என்று இத்தனை நாள் பேசிய அவளுக்கு இது தெரிந்திருக்கவில்லை. யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அவள் அப்பா உழுத பட்டைக்கு அந்தப் பக்கமும் இப்படி எத்தனை பேர் கிடக்கிறார்களோ, அவர்களைப் பார்க்க முடியாமல் இந்தப் பக்கம் எத்தனை பேர் இருக்கிறார்களோ.

"போலாங்க" என்றாள். "எப்ப வேணும்னாலும் போலாம். தனியாவும் போலாம்."

"சாயங்காலத்துல?"

"சாயங்காலமும் போலாங்க."

"ரோடு போட்றதுக்கு முன்னாடியே?"

"உத்தரவு வந்துடுச்சுங்க. இன்னிக்கே போலாம்."

இருதயராஜ் நகலை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாசல் வரைக்கும் போனவர் திரும்பி நின்று, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இந்நேரத்துக்குச் சாமந்தி கிடைக்குமா என்று அவளிடம் கேட்டார்.