வெட்டி எடுத்த எட்டு வினாடி

சத்யப்பிரியாவுக்கு வந்ததே கோபம்! ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர் அவள். மெஷின் சத்தத்தை மீறிக் கத்தியே தொண்டை உரமேறிப் போனவள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் போனில் போட்ட சத்தத்துக்குப் பக்கத்திலிருந்த பெண்கள் டிபன்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள்.

"யாரக் கேட்டுலே வெட்டுன?"

மறுமுனையில் பாலகணேஷ். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் காலேஜில் நாலு பேர் சேர்ந்து 'கொதிகலன்' என்று ஒரு ராக் பேண்டு ஆரம்பித்தார்கள். அவன் கிட்டார், அவள் பாட்டு. பதினோரு மாசம்தான் அதற்கு ஆயுசு. இப்போது சென்னையில் வேலை பார்க்கிற அவனுக்குத் திடீரென்று ஆசை வந்து, பழைய ரெக்கார்டிங்குகளைத் தேடிப்பிடித்து, எட்டுப் பாட்டைத் தொகுத்து ஆல்பமாக்கி அவளுக்கு அனுப்பியிருந்தான். ஆறாவது பாட்டில் எட்டு வினாடியைக் காணோம்.

அந்த எட்டு வினாடி அவளுடைய அப்பா பால்சாமியுடையது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தெருப் பொங்கலுக்குப் போட்ட மேடை. அவள் பாதிப் பாட்டில் இருக்கும்போது விறுவிறுவென்று மேலே ஏறி வந்து, மைக்குக்குப் பக்கத்தில் நின்று, "ஏட்டி, எறங்குட்டி கீழ! மானத்த வாங்கவா பெத்தேன்?" என்று கத்தினார். ஊரே கேட்டது. அவர் இறங்கிப் போனார். அவள் இறங்கவில்லை, பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். அதற்குப் பிறகு அப்பா அவளை எந்த மேடையிலும் ஏற விடவில்லை. பேண்டும் அதோடு சரி.

"அது போனா பொறவு என்ன மயித்துக்குலே இந்த ஆல்பம்? நான் நல்லாப் பாடுனேன்னு எவன் கேட்டான்? அம்புட்டுக்குப் பொறவும் பாடுனேன்ல, அதாம்லே ஆல்பம்!"

"ஏ, நான் என்ன செய்ய? பாட்டுல குரல் வர்ற ஒவ்வொருத்தரும் சம்மதக் கடுதாசில கையெழுத்துப் போடணும். உங்கப்பாட்ட நேர்ல போய்க் கேட்டேன். மாட்டேன், அத எடுத்துருன்னுட்டாரு."

அவள் போனை வைத்தாள். சாப்பாட்டை மூடினாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினாள்.

முதலில் போனது சேக் முகைதீனின் மைக்செட் கடைக்கு. அன்றைக்கு மேடைக்கு செட் போட்டவர் அவர். எந்த விசேஷமானாலும் முதல் ஹலோவிலிருந்து கடைசி நன்றி வரைக்கும் அப்படியே ரெக்கார்டு பண்ணி வைப்பது அவர் பழக்கம்.

"நடுவுல மைக் அவுட்டுன்னு கமிட்டிக்காரவிய சொல்லிரக் கூடாதுல்லம்மா. அதுக்குத்தான்" என்றார். "நம்ம செட்டு ஒரு செகண்டு நிக்கல. நீயும் நிக்கல."

"முழுசாக் குடுங்க பாய்."

போனில் ஏற்றிக் கொடுத்தார்.

வீட்டில் பால்சாமி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மில்லில் பிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

"வா. என்ன திடீர்னு?"

அவள் போனை அவர் முன்னால் வைத்துப் பாட்டைப் போட்டாள். டிரம்ஸ் அதிர்ந்தது. தன் குரல் வந்ததும் அவர் முகம் சுண்டிப்போனது.

"நிறுத்து."

"மாட்டேன்."

"ஏட்டி, நிறுத்துங்கேன்! பெத்த பிள்ளையச் சபையில வைஞ்ச அப்பன்னு ஊரு உலகம் பூராக் கேக்கணுமா?"

"கேக்கட்டும்! அன்னைக்கு மைக்குல கத்தும்போது ஊரு கேக்கும்னு தெரியலையா? நான் பதிமூணு வருசமா கேட்டுட்டு இருக்கேன். ஒரு தடவ கேட்டா உங்களுக்கு என்ன கொறஞ்சிரும்?"

போனில் அவள் குரல் ஒரு வரி தடுமாறியது. அழுகை தெரிந்தது. அடுத்த வரியில் நிமிர்ந்து ஏறியது. ஏறிக்கொண்டே போனது.

"இது உங்களுக்குத் தெரியாது. நீங்கதான் போயிட்டீங்களே" என்றாள்.

"எங்க போனேன்?" பால்சாமிக்கும் கோபம் வந்துவிட்டது. "அந்தப் பாய் பஸ்ஸ்டாண்டு வரைக்கும் ஸ்பீக்கர் குழாய் கட்டிருந்தான். தெரு முக்குல நீ. டீக்கடைல நீ. காதப் பொத்திக்கிட்டு ஓடுனேன், அங்கயும் நீ. ஒரு வரி விடாமக் கேட்டுட்டுத்தான் வந்தேன். நீ நிறுத்தவே இல்ல!"

"நிறுத்தலை."

அவள் கையெழுத்துக்காக பாலகணேஷ் ஆல்பத்தோடு அனுப்பியிருந்த சம்மதக் கடுதாசியைப் பையிலிருந்து எடுத்து பேப்பர் மேல் வைத்து, பேனாவை நீட்டினாள்.

"உங்க குரலும் இருக்கு. போடுங்க."

பால்சாமி கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். பேருக்குப் பக்கத்தில் 'பங்கு' என்று ஒரு கட்டம். மேலே பேண்டில் இருந்த மற்றவர்களின் வரிகளில் கிட்டார், டிரம்ஸ் என்று எழுதியிருந்தது.

"இதுல என்னன்னு எழுத?"

"செஞ்சத எழுதுங்க."

அவர் பேனா அழுந்த, கோணல்மாணலாக, 'பால்சாமி. பாடவிடாமக் கத்துனது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவள் பேனாவை வெடுக்கென்று வாங்கினாள். அதற்கு அடுத்த வரியில் எழுதினாள்: 'சத்யப்பிரியா. பாடுனது.'