சும்மா கொடுத்த அறை

அருட்பிரகாசத்தின் வீட்டில் மூன்று அறைகள். ஒன்றில் அவர் படுத்தார். இன்னொன்றில் மனைவி இமெல்டாவின் தையல் மெசினும் கட்டியபடியே கிடக்கும் பெட்டிகளும் இருந்தன. மூன்றாவது, மகள் யூலியாவின் அறை. அதில் சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை வெய்ன் என்ற அமெரிக்கப் பெடியன் இருப்பான். மற்ற மாதங்களில் ஒருவரும் இல்லை.

இமெல்டாவும் யூலியாவும் லண்டனுக்குப் போய் ஆறு வருடங்களாகிவிட்டன. ஜெர்மன் கடவுச்சீட்டு கிடைத்த கையோடு பான் நகரிலிருந்த தமிழ்ச் சனத்தில் பாதி இங்கிலாந்துக்குப் பெயர்ந்த காலம் அது. பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்பதுதான் எல்லாருக்கும் காரணம். அருட்பிரகாசத்துக்கு அச்சகத்தில் நிரந்தர வேலை. "நீங்கள் முதல்ல போங்கோ. நான் ரெண்டு வருசத்தில வாறன்" என்றார். இரண்டு வருடம் முடிந்தபோது அதை ஒருவரும் நினைவூட்டவில்லை. பிரிந்துவிட்டார்கள் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் இமெல்டா தொலைபேசி எடுப்பாள். ஒவ்வொரு வருடமும், கோடைக்கு ஒருக்கால் வந்து நில்லுங்கோவன் என்பாள். "பெடியன் நிக்கிறான். அவனை விட்டிட்டு எப்பிடி வாறது?" என்பார் இவர்.

"அப்ப சரி" என்பாள் அவள்.

அந்த "அப்ப சரி"யில் இருந்தது கவலையா ஆறுதலா என்று, தொலைபேசியை வைத்த பிறகும் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருப்பார்.

அவர் பேஸ்போல் பக்கம் போனது யூலியாவால்தான். பள்ளித் தோழியோடு சேர்ந்து அவள் ஊர் பேஸ்போல் கழகத்தின் பெண்பிள்ளைகள் அணியில் ஆடினாள். அவளைக் கொண்டுபோய் இறக்கி, பிறகு ஏற்றி வந்த பழக்கத்தில் இவரும் அங்கே ஒட்டிக்கொண்டார். மகள் லண்டன் போன பிறகும் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட, புல் வெட்ட, ஆட்டத்துக்கு வருகிறவர்களுக்குக் கோப்பி ஊற்ற என்று போய்வந்தார்.

கழகத்தின் பெரிய அணி முதல் பிரிவில் ஆடியது. அந்தப் பிரிவில் நின்றுபிடிக்க வேண்டுமென்றால் அமெரிக்காவிலிருந்து பந்தெறிகிறவன் ஒருவனைச் சம்பளத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவன் தங்குவதற்கு ஒரு குடும்பத்தையும் பிடிக்க வேண்டும். நான்கு கோடைகளுக்கு முன்னால், யார் வீட்டில் இடமுண்டு என்று கூட்டத்தில் கேட்டார்கள். எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத அருட்பிரகாசம் கையை உயர்த்தினார். வாடகை என்று கழகம் நீட்டியதை அவர் தொடவில்லை. வீட்டுக்கு வந்தவன் படுத்தெழும்புவதற்குக் காசு வாங்குவதா? நினைக்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

வெய்ன் கன்சாஸ் பக்கத்தவன். உயரமானவன், அதிகம் பேசாதவன். மீன் குழம்பைக் கண்ணீர் வழிய வழியத் தின்றுவிட்டு இன்னும் கேட்பான். மாலையில் இருவரும் பல்கனியில் உட்கார்வார்கள். கீழே டிராம் போகும். அடுத்த டிராம் வரும்வரை ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் இருப்பதுண்டு. பின்பனிக் காலத்தில் அதே கதிரையில் அதே டிராமைப் பார்த்துக்கொண்டு தனியே இருக்கையில் அவர் வானொலியைப் போட்டுவிடுவார். வெய்ன் இருந்தால் வானொலி தேவைப்படவில்லை.

அவன் வாய் திறந்தால் ஒரே கதைதான்.

"எங்கள் ஊர் அணி ஒருவனைச் சின்னதிலிருந்து வளர்க்கும், மிஸ்டர் பிரகாஷ். அவன் நன்றாக அடிக்கத் தொடங்கியதும் நியூயோர்க் அணி வந்து வாங்கிக்கொண்டு போய்விடும். ஓர் அணி இவ்வளவுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று வரம்பு வைக்க வேண்டும். வைக்காவிட்டால் ஆட்டம் எதற்கு? யாருடைய வங்கிக் கணக்கு பெரிது என்று பார்த்துக் கிண்ணத்தைக் கொடுத்துவிடலாமே."

"வரம்பு வைத்தால் ஆடுகிறவனுக்குத்தானே குறையும்?" என்று இவர் தன் உடைந்த ஆங்கிலத்தில் கேட்டார். "மிச்சத்தை முதலாளி மடியில் கட்டிக்கொள்வான்."

வெய்ன் யோசித்தான். ஒரு டிராம் போனது. இன்னொன்றும் போனது. "அதுவும் சரிதான்" என்றான். "ஆனால் தோற்கப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு எங்கள் அப்பா எத்தனை வருடம் டிக்கெட் வாங்குவார்?"

அந்தக் கேள்வி அருட்பிரகாசத்தின் மனதில் தங்கிவிட்டது.

ஐப்பசியில், வெய்ன் ஊருக்குப் போன பிறகு, றெக்ஸ் வீட்டுக்கு வந்தான். கழக நிர்வாகத்தில் இருந்த ஒரே தமிழன் அவன். தொலைபேசிக் கொம்பனியில் வேலை.

"அண்ணை, புதினம் தெரியுமோ? வெளிநாட்டு ஆட்டக்காரருக்குச் செலவழிக்கிறதுக்கு வரம்பு வைக்கப் போறாங்களாம். எல்லாக் கழகமும் பிராங்பேர்ட்டில கூடி வாக்குப் போட வேணும். எங்கட கழகத்திலயிருந்து நீங்கள்தான் போறியள்."

"நானோ? ஏன்?"

"நிர்வாகத்தில பாதிப்பேர் வேணும் எண்டுறாங்கள், பாதிப்பேர் வேண்டாம் எண்டுறாங்கள். பிரகாஷ் போய்க் கேட்டுப்போட்டு விரும்பினபடி போடட்டும் எண்டு முடிவெடுத்திட்டம். நீங்கள் எண்டா ஒருத்தரோடயும் கொழுவ மாட்டியள். வாயைத் திறந்தாத்தானே கொழுவுறதுக்கு!"

அருட்பிரகாசம் சிரிக்கவில்லை. "வரம்பு வந்தா வெய்ன்?"

"வரமாட்டான் அண்ணை. அவன்ர சம்பளத்தில அரைவாசியும் அதுக்குள்ள அடங்காது. பிளேன் டிக்கெட், சாப்பாடு, அறை எல்லாத்தையும் சேர்த்துத்தான் கணக்காம்."

"அறை நான் குடுக்கிறதெல்லோ? கழகத்துக்கு அதில என்ன செலவு?"

றெக்ஸ் தேநீர்க் கோப்பையைச் சுழற்றிக்கொண்டிருந்தான். "சொன்னாக் கோவிக்க மாட்டியளே? என்ர மகள் லிசான்ர அணியை இந்த வருசம் மூடினவங்கள். ஏன் தெரியுமோ?"

"பயிற்சி குடுக்க ஆளில்லை எண்டு சொன்னாங்கள்."

"ஆள் இருந்தது, குடுக்கக் காசில்லை. ரெண்டாவதா ஒரு அமெரிக்கனை எடுத்தாங்களெல்லோ, அதோட எல்லாம் முடிஞ்சுது. ரெண்டாவது ஆளை எடுக்கலாம் எண்ட துணிவு எங்கால வந்தது? நீங்கள் வாடகை வேண்டாம் எண்டதில மிஞ்சின காசு. அதிலதான் தொடங்கினது. நீங்கள் நல்ல மனசோட செய்தது அண்ணை. ஆனா பெட்டையள் இப்ப ஆடுறதுக்கு இடமில்லாமல் நிக்குதுகள்."

றெக்ஸ் போன பிறகு அருட்பிரகாசம் யூலியாவின் அறைக்குள் போய் நின்றார். சுவரில் பெண்பிள்ளைகள் அணியின் படம் இன்னும் தொங்கியது. தொப்பிக்குள்ளிருந்து யூலியா கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்துக்குக் கீழே கட்டிலில் வெய்ன் மடித்து வைத்துவிட்டுப் போன போர்வை. வரம்பு வேண்டும் என்று கையை உயர்த்தினால் அடுத்த கோடையில் இந்த அறையில் விளக்கு எரியாது. உயர்த்தாவிட்டால் மைதானத்தின் ஓரத்தில் லிசாவைப் பார்க்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? பிராங்பேர்ட் போகும் நாள்வரை அவர் ஒன்றையும் முடிவெடுக்கவில்லை.

கூட்டம் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலொன்றில் நடந்தது. பணக்காரக் கழகங்களின் ஆட்கள் முன்வரிசையில் இருந்தார்கள். வரம்பு வந்தால் ஆட்டத்தின் தரம் இறங்கிவிடும் என்றார்கள். வராவிட்டால் ஆடுவதற்கு எதிரணியே மிஞ்சாது என்றார்கள் பின்னாலிருந்தவர்கள். கேள்வி உண்டா என்று தலைவர் கேட்டபோது அருட்பிரகாசம் எழுந்தார். தன் குரல் அவருக்கே யாரோ ஒருவருடையதாகக் கேட்டது.

"ஒருவன் என் வீட்டில் தங்குகிறான். நான் காசு வாங்குவதில்லை. அதுவும் சம்பளமா?"

"அந்த அறைக்குச் சந்தையில் என்ன வாடகையோ, அது சம்பளமாகக் கொள்ளப்படும்" என்றார் சட்டம் தெரிந்தவர்.

"அவன் என்னோடு சாப்பிடுவது?"

"அதுவும்தான்."

"நாங்கள் ஒன்றும் பேசாமல் பல்கனியில் இருப்பது?"

மண்டபம் சிரித்தது. நல்ல பகிடி என்று பக்கத்தில் இருந்தவர் அவர் முதுகில் தட்டினார். அருட்பிரகாசமும் சிரித்ததுபோல் உதட்டை இழுத்துவிட்டு உட்கார்ந்தார்.

வாக்கெடுப்பு வந்தது. வரம்பு வேண்டும் என்பவர்கள் உயர்த்த வேண்டிய பச்சை அட்டை மடியில் கிடந்தது. டிக்கெட் வாங்கும் அந்தக் கன்சாஸ் அப்பாவை அவர் ஒருநாளும் கண்டதில்லை. ஆனாலும் அந்த மனிதர் பக்கத்துக் கதிரையில் வந்து இருப்பதுபோல் இருந்தது. அட்டையை உயர்த்தினார்.

உயர்த்திய பிறகுதான் சுற்றிப் பார்த்தார். மண்டபம் முழுக்கப் பச்சையாக இருந்தது. முன்வரிசையில் மட்டும் கொஞ்சப் பேர் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இவருடைய அட்டை இல்லாவிட்டாலும் வரம்பு வந்திருக்கும். சும்மா இருந்திருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ரயிலில் திரும்பும்போது ஜன்னலுக்கு வெளியே றைன் ஆறு கூடவே வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

கழகம் அறிவிப்பதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று வெய்னுக்குத் தொலைபேசி எடுத்தார். சொன்னார். நானும் அதற்குத்தான் போட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

மறுமுனையில் நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பல்கனியில் இருப்பதுபோலவே இருந்தது. டிராம் மட்டும் இல்லை.

"நான் சொன்னது கோடீஸ்வரர்களைப் பற்றி, மிஸ்டர் பிரகாஷ்" என்றான் கடைசியில். பிறகு மெல்லச் சிரித்தான். "பரவாயில்லை. நான் அங்கே இருந்தாலும் அப்படித்தான் போட்டிருக்க வேண்டும். ஒல்லாந்தில் ஒரு கழகம் கேட்டுக்கொண்டிருக்கிறது. தனி வீடு தருகிறார்களாம், காரும் தருகிறார்களாம்."

"அப்ப நல்லது" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார் அருட்பிரகாசம். பிறகு ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார். ஆட்டம் இல்லாவிட்டாலும் விருந்தாளியாக வந்து நிற்கலாம் என்று சொல்ல நினைத்தார். அதற்குள் அவன் நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை இமெல்டா எடுத்தாள். லண்டனில் மழை என்றாள். யூலியாவுக்கு வேலை உறுதியாகிவிட்டது என்றாள். பிறகு வழக்கம்போல, "வாற கோடைக்கு என்ன மாதிரி? வந்து நிக்கப் பாருங்கோவன். அந்தப் பெடியன் திரும்பவும் வாறானோ?" என்று கேட்டாள்.

யூலியாவின் அறைக் கதவு திறந்திருந்தது. போர்வை மடித்தபடியே கிடந்தது. இல்லை, வரமாட்டான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அவள் என்ன சொல்லுவாள்? அப்ப சரி, வாங்கோ என்பாளா? அல்லது அவளும் இப்படியே பேசாமல் நிற்பாளா?

"இருக்கிறியளோ?" என்றாள் இமெல்டா.

"ஓம், ஓம்" என்றார். "வாறான். பெடியன் வாறான்."

"அப்ப சரி" என்றாள் அவள்.

தொலைபேசியை வைத்துவிட்டு அவர் பல்கனிக்குப் போனார். குளிராக இருந்தது. டிராம் வந்து நின்று, ஒருவரும் இறங்காமல் புறப்பட்டது. உள்ளே திரும்பி வந்து வானொலியைப் போட்டார்.