காலை ஊன்றி நில்

அக்காளுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? டயர்க் கடை மாடியில் இருந்த குத்துச்சண்டைக் கூடத்தில் தங்கையோடு மோதிய போதெல்லாம் ஜெயித்தது அவள். இறுதிப் போட்டிக்குப் போவது மட்டும் தங்கையாம்!

"இது என்ன நியாயம் மாஸ்டர்?"

மாஸ்டர் கையுறைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீ ஒரே இடத்துல நின்னு ஓங்கி அடிக்கிறவ. உன் தங்கச்சி முட்டிக்கிட்டு உள்ள வருவா, உன்கிட்ட வாங்கிக் கட்டிக்குவா. ஆனா எதிர்ல வரப்போறவளுக்குக் கை நீளம். எட்ட நின்னு தட்டிட்டு நழுவிடுவா. போன வருஷம் அவகிட்ட நீ காத்துலயே குத்திட்டு வந்தியே, மறந்துட்டியா? கை நீட்ட விடாம ஒட்டிக்கிட்டே அடிக்கிறதுக்கு சின்னவதான் சரி."

சொன்னது அத்தனையும் உண்மை. உண்மை என்பதால்தான் இன்னும் எரிந்தது. வீட்டிலோ அம்மா போனை வைத்தபாடில்லை. "எங்க சின்னவ ஃபைனலுக்குப் போறா!" என்று சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் தம்பட்டம். பெரியவள் என்று ஒருத்தி அதே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது யார் கண்ணிலும் படவில்லை.

போட்டியன்று கையில் துணிப்பட்டை சுற்றிவிட்டது அக்காள்தான். தங்கைக்கு உதடெல்லாம் வறண்டிருந்தது.

"பயமா இருக்குக்கா. என்ன பண்ணட்டும்?"

உள்ளே புகுந்து அடி என்று சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன வாய் வேறொன்றைச் சொன்னது. "முட்டிக்கிட்டுப் போகாதடி. காலை ஊன்றி நில்லு. அவ வரட்டும், ஓங்கி ஒண்ணு விடு."

எப்போதும் தன்னை ஜெயிக்கிறவள் சொல்கிறாள். தங்கை ஏன் சந்தேகப்படப் போகிறாள்? அப்படியே நின்றாள். நெடுங்கைக்காரி எட்ட நின்றே முகத்தில் தட்டினாள், நழுவினாள், மறுபடி தட்டினாள். "உள்ள போ! உள்ள போடி!" என்று மாஸ்டர் கத்தியதை அவள் காதிலேயே வாங்கவில்லை. கடைசி மணி அடித்தபோது தங்கையின் இடது கண் வீங்கி மூடிப்போயிருந்தது. நடுவர் மற்றவளின் கையைத்தான் தூக்கினார்.

அக்காளுக்கு ஒரு கணம் வயிறு குளிர்ந்தது. ஒரே ஒரு கணம்தான்.

உடை மாற்றும் அறையில் மாஸ்டர் ஐஸ் பையைத் தங்கையின் கண்ணில் அழுத்திக்கொண்டே பொரிந்தார். "யாரு உன்னை நிக்கச் சொன்னது?"

"அக்காதான். அவமேல தப்பில்ல மாஸ்டர், சரியாத்தான் சொன்னா. அவ மாதிரி அடிக்க எனக்குத்தான் வலு பத்தல." தங்கை மூக்கை உறிஞ்சினாள். "அடுத்த தடவை அவளையே அனுப்புங்க."

மாஸ்டர் நிமிர்ந்து அக்காளைப் பார்த்தார். அவளுக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. "குடுங்க மாஸ்டர், நான் வெச்சு விடுறேன்" என்று கையை நீட்டினாள்.

அவர் ஐஸ் பையைக் கொடுக்கவில்லை.