காலி போடுகிற வேலை

பொழுது விடியுமுன் காலி போட்டு முடித்துவிட வேண்டும். அந்தக் கேஸ் கம்பெனியில் அது யாரும் எழுதிவைக்காத சட்டம்.

வால்வு கெட்டுப்போய்த் திரும்பி வரும் சிலிண்டர்களில் எப்படியும் கொஞ்சம் கேஸ் மிச்சம் இருக்கும். அதை வெளியேற்றாமல் வால்வைக் கழற்ற முடியாது. முறைப்படி செய்வதென்றால் மிச்சக் கேஸை உறிஞ்சி இன்னொரு டேங்குக்கு ஏற்ற ஒரு மெஷின் வேண்டும். மலையடி கேஸ் கம்பெனியில் மெஷின் கிடையாது, இருளப்பசாமி இருந்தார். சிலிண்டரைப் படுக்கப்போட்டு உருட்டி, மதில் ஓரத்தில் தலைகீழாகக் கவிழ்த்து, வால்வைத் திறந்துவிடுவார். இதற்குத்தான் காலி போடுவது என்று பெயர். சீறிக்கொண்டு வெளியேறும் கேஸ் இரும்பின் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்வதால் வால்வைச் சுற்றி வெள்ளையாக உறைபனி பூக்கும். புரட்டாசிப் புழுக்கத்திலும் அவருடைய விரல்கள் மரத்துப்போகும். வாயில் ஊதிச் சூடேற்றிக்கொண்டு அடுத்த சிலிண்டருக்குப் போவார்.

கூட வேலை பார்த்தவள் பரிபூரணம். சோப்புத் தண்ணீரைத் தொட்டு வால்வில் தடவி, குமிழ் வருகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. புருஷனை இழந்தவள். யாருக்கும் பயப்படாத வாய்.

"இன்னைக்கு என்னண்ணே, மலையா குவிச்சு வச்சிருக்கான்?"

"சாயந்தரம் மரம் நடுற விழாவாம்ல. மெட்ராஸ்ல இருந்து பெரிய ஆளுக வாராக. அவிய மூக்குல நாத்தம் படக்கூடாதாம். ஒரு வாரத்துச் சரக்க ஒரேயடியா காலி போடச் சொல்லிட்டாரு மேனேஜரு."

"நம்ம மூக்கு என்ன, முருங்கக்காயா?"

இருளப்பசாமி சிரித்தார். நாற்றம் அவருக்குத் தெரிவதில்லை. கேஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் ஆட்கள் உஷாராக வேண்டும் என்பதற்காகவே அழுகிய வெங்காயம் போன்ற ஒரு வாடையை அதில் கலக்கிறார்கள். ஆனால் மூக்கு ஒரு வாடையிலேயே கிடந்தால் அதை மறந்துவிடும். அவர் சட்டையில், தலைமுடியில், பாயில் அந்த வாடை இருந்தது. அவர்கள் குடியிருந்த ஓடைக்கரைக் குடிசைகளில் அதற்கு 'வேலை நாத்தம்' என்று பெயர். வேலை முடிந்து ஆள் வீடு வந்துவிட்டதற்கு அது அடையாளம். அதைக் கண்டு பயப்படுகிற பெண்சாதி அங்கே ஒருத்திகூட இல்லை.

கேஸைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அது காற்றைவிடக் கனமானது. புகை போல மேலே போகாது. தண்ணீர் போலப் பள்ளம் பார்த்து ஓடும். கம்பெனி இருந்தது மேட்டில், குடிசைகள் இருந்தது பள்ளத்தில். மழைத் தண்ணீர் போவதற்கு மதிலின் அடியில் விட்டிருந்த ஓட்டை வழியாகக் கேஸ் தினமும் இறங்கியது. வழக்கமாகப் பொழுது ஏறிய பிறகுதான் பெண்கள் அடுப்பு மூட்டுவார்கள். அதற்குள் மலைக்காற்று வந்து பள்ளத்தை வழித்துப் போய்விடும். இத்தனை வருஷமாக அந்தக் காற்றுதான் காப்பாற்றியது என்பது யாருக்கும் தெரியாது.

அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. இருளப்பசாமியின் மனைவி முத்தாத்தாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்கிற குன்றில் இருக்கும் பெருமாளுக்கு நடந்து போவதாக வேண்டியிருந்தாள். புறப்படுமுன் வீட்டில் மாவிளக்கு ஏற்றுவது வழக்கம். இருட்டோடு குளித்து, பச்சரிசி மாவையும் கருப்பட்டியையும் பிசைந்து, குழித்து, நெய் விட்டு, திரி போட்டாள். விளக்கைத் தரையில் வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு தீக்குச்சியை உரசினாள்.

மேட்டில் நின்றவர்களுக்கு வெடிச் சத்தம் கேட்கவில்லை. பெரிய துணி ஒன்றை உதறியது போல ஒரு சத்தம். பள்ளம் முழுதும் ஒரு கணம் நீலமாக எரிந்து அணைந்தது. பிறகு கூரைகள் பிடித்துக்கொண்டன.

இருளப்பசாமி கையில் திறந்த வால்வோடு நின்றார். பரிபூரணம்தான் பாய்ந்து அதை அடைத்தாள்.

முத்தாத்தாளை மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அவள் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்த்தவள். ஊரெங்கும் போகும் அந்த வெள்ளைத் துணியை இப்போது அவள் உடம்பு முழுக்கச் சுற்றியிருந்தார்கள். கண்ணும் உதடும் மட்டும் வெளியே தெரிந்தன.

"ஏங்க, வெளக்கு சாஞ்சிருச்சா?" என்று கேட்டாள். "நான் நல்லாத்தான் வச்சேன்."

"ஏட்டி, நீ நல்லாத்தான் வச்ச," என்றார். வால்வைத் திறந்தது யார் என்று அவளிடம் சொல்ல நினைத்துக்கொண்டே இருந்தார். சொல்வதற்குள் அவள் போய்விட்டாள்.

தள்ளிப்போட்ட விழாவைப் பற்றிப் பேச முதலாளி வைகுண்டராஜ் எல்லாரையும் கூப்பிட்டார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. சாவுக்கு வந்தார், மாலை போட்டார். உலகம் சூடாகி வருவதை உண்மையாகவே நம்பினார்.

"பெட்ரோலு, மண்ணெண்ணெய், கேஸு, எதை எரிச்சாலும் கரியமில வாயு வருது. அது பூமிக்குப் போர்வை போத்துன மாதிரி சூட்டப் பிடிச்சு வச்சுக்கிடுது. மரந்தான் அதக் குடிக்கும். கேஸு விக்கிறவனே மரம் நட்டான்னு நாளைக்கு நாடே பேசணும். ஓடைக்கரை முழுசும் தோப்பாக்கப் போறோம். நீங்க செத்த தள்ளிக் குடியிருக்கணும். நடந்தத நீங்களே பாத்தீய. உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"அந்தக் கேஸ வெளிய விடாம இருக்க மெஷின் வாங்குவீயளா மொதலாளி?" என்று கேட்டாள் பரிபூரணம்.

"வாங்கணும். இந்த வருஷம் தோதுப்படாது."

"மரத்துக்குத் தோதுப்படுது."

"அது வேற, இது வேற."

"அது எப்படி வேற? நீங்க சொன்ன மரம் எரிஞ்ச பொகையக் குடிக்கும். எரியாத கேஸு பள்ளத்துல கெடக்கே, அதக் குடிச்சது முத்தாத்தா மைனிதான்."

கூட்டத்தில் யாரோ விம்மினார்கள். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்தம்மா வெளக்கு ஏத்தாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார் மேனேஜர் சங்கரலிங்கம்.

"சாமிக்கு வெளக்கு ஏத்துறது குத்தமாலே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் சீறியது. கூட்டம் அதோடு கலைந்தது. வரும் வெள்ளிக்கிழமைக்குள் குடிசைகளைக் காலி செய்ய வேண்டும் என்று மேனேஜர் கத்தியதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் விடியலில் மதில் ஓரத்தில் மறுபடியும் சிலிண்டர்கள் குவிந்து கிடந்தன. மேனேஜர் டார்ச் லைட்டோடு வந்தார். வேலையாட்கள் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பள்ளத்திலிருந்து பெண்களும் மேடேறி வந்து, கரிந்த கூரை வாடையோடு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"என்னலே இது? நேரமாகுது, தொறங்க."

யாரும் அசையவில்லை.

"கேட்டப் பூட்டிருவேன். போலீசுக்குச் சொல்லுவேன். ஒரு பயலுக்கும் வேலை இருக்காது, பாத்துக்கோங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இருளப்பா, நீ மூத்தவன். நீயாவது சொல்லு. உனக்கு மதுரை குடோன்ல உக்காந்து பாக்குற வேலை வாங்கித் தாரேன்."

இருளப்பசாமி மெதுவாக எழுந்தார். பரிபூரணம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்குத் தொறந்தது நான்தான் சார்," என்றார். "நீங்க சொன்னீய, நான் தொறந்தேன். அவ சாகுறப்பக்கூட வெளக்கு சாஞ்சதுன்னு நெனச்சுத்தான் போனா. இனி எங்க ஆளு எவனும் தொறக்க மாட்டான். மெஷின் வரட்டும். அதுவரைக்கும் நாங்களும் இங்கதான், எங்க வீடும் அங்கதான்."

மேனேஜர் ஆபீசுக்கு ஓடினார், போன் செய்ய.

அந்த நேரம் சரக்கோடு டேங்கர் லாரி ஒன்று கேட்டுக்கு வந்தது. டிரைவர் மலையாளத்துக்காரர். தலையை நீட்டி என்ன சமாச்சாரம் என்று கேட்டார். பரிபூரணம் சொன்னாள். அவர் பள்ளத்தில் கரிந்து நின்ற குடிசைகளைப் பார்த்தார். பிறகு இன்ஜினை அணைத்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி வந்தார்.

"கொறச்சு தள்ளி இரிக்கு," என்றார்.

உட்கார்ந்திருந்தவர்கள் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்கள்.