ரெண்டு படி இறக்கி எழுதின கடிதம்

1

உண்மைய மொதல்லயே சொல்லிடறேன். இந்தக் கதை ஒரு ஓட்டல் மெத்தையில பொறந்துச்சு. அந்த ஓட்டலுக்கு நான் போனதில்ல, மெத்தையயும் பாத்ததில்ல. யாரோ ஒருத்தர் ஸ்பானிஷ்ல எழுதியிருந்தாரு, தன் வாழ்க்கையில படுத்த மெத்தைங்கள்லயே ஆகச் சிறந்த மெத்தை இதுதான்னு. நான் தமிழ்ல "மெத்தை வசதியாக உள்ளது"ன்னு தட்டிட்டு அடுத்ததுக்குப் போக விரல எடுத்தேன். எடுத்த விரல் அப்படியே அந்தரத்துல நின்னுடுச்சு.

ஏன் நின்னுச்சுங்கறதுதான் கதை.

இன்னைக்கு வியாழக்கிழமை, மதியம் ரெண்டே கால். அஞ்சு மணிக்குள்ள ஒரு ஆஸ்பத்திரி ஆபீஸ்ல ஒரு தாள மாத்தணும். மாத்தணும்னா அக்கா கையெழுத்து வேணும். கையெழுத்து வேணும்னா அக்காகிட்ட ஒரு விஷயத்த சொல்லணும். சொல்றதுக்குப் பதிலா உக்காந்து இத எழுதிட்டிருக்கேன். திட்டணும்னா இப்பவே திட்டிடுங்க, பின்னாடி நேரம் இருக்காது.

2

மொதல் வரி இப்படி வெச்சிருந்தேன்:

"அவள் ஒரு செவிலியர். உலகத்திலேயே மிகவும் பொறுமையான

அழிச்சுட்டேன். [அழிக்கல, பாருங்க, அங்கயே கெடக்கு.] அக்கா இதப் படிச்சா "யாருடி இவ, செவிலியராம்ல"ன்னு சிரிப்பா. ரெண்டாவது தொடக்கம்:

"மனிதர்களின் சந்தோஷத்தைக் குறைப்பதே என் வேலை."

இது கொஞ்சம் ஸ்டைலா இருக்கு, அதனாலயே எனக்கு சந்தேகமா இருக்கு. ஆனா விஷயம் சரிதான். ஊர் ஊரா சுத்தறவங்க ஓட்டல்களப் பத்தி எழுதற விமர்சனத்த எல்லா மொழியிலயும் போடற ஒரு கம்பெனி. அதுல ஸ்பானிஷ்ல இருந்து தமிழுக்குக் கொண்டு வர்றது நானு. ஒரு நாளைக்கு நூத்திப் பத்து விமர்சனம். எங்க மேலாளருக்கு நாங்க வெச்ச பேரு கத்திரி. அவருக்கும் தெரியும். அவருக்கு அதுல கொஞ்சம் பெருமைகூட உண்டு.

சேந்த மொத நாள் நான் எவ்ளோ ஆசையா "இதுவரை நான் தங்கியதிலேயே தலைசிறந்த விடுதி!"ன்னு ஆச்சரியக்குறியோட எழுதிக் கொடுத்தேன் தெரியுமா? கத்திரி என் நாற்காலிக்குப் பின்னாடி வந்து நின்னாரு.

"என்னம்மா இது, கல்யாணப் பத்திரிகையா?"

"சார், அவங்க அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"எழுதுவாங்க. இவன தலைசிறந்தவன்னு போட்டா பக்கத்துத் தெரு ஓட்டல்காரன் என் தலையில ஏறி உக்காருவான். ரெண்டு படி இறக்கு."

'இறக்கு.' எங்க ரூம்ல ஒரு நாளைக்கு அம்பது தடவ கேக்கற வார்த்தை. ஆகச் சிறந்தது ஒரு படி இறங்கினா ரொம்ப நல்லது. இன்னொரு படி இறங்கினா நல்லது. அங்க நிறுத்திடணும். இன்னொரு விதியும் உண்டு: குடும்பக் கதை, மழைக் கதை, புருஷன் பொண்டாட்டி சண்டை எல்லாத்தையும் வெட்டிடணும். வெட்டினதுக்கு அப்புறம் கடைசியில எதையாவது வெச்சு முடிக்கணும் இல்லையா, அதுக்கு ஒரு வரி ரெடியா இருக்கு: "சேவை திருப்தியளித்தது." அத தட்டறதுக்கு ஒரே ஒரு பொத்தான் அழுத்தினா போதும், நானே அப்படி செட் பண்ணி வெச்சிருக்கேன்.

இந்தப் பொத்தான ஞாபகம் வெச்சுக்கோங்க.

3

கொஞ்ச நேரம் ஸ்பானிஷ் பேசிக்கறேனே. [கத இங்க நிக்கும். நிக்கட்டும். எனக்குப் புடிச்ச எடம் இது.]

இந்த மொழி மேல எனக்குப் பைத்தியம் புடிச்சதே அவங்க எதையும் உச்சத்துக்குக் கொண்டு போற அழகப் பாத்துதான். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, "மாஸ்"னு ஒரு சொல்லு. அதிகம்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி "லா" சேத்துட்டா உச்சம். லா மாஸ் பாசியென்தே, எல்லாருலயும் பொறுமையானவ. ஆனா இதுக்கு ஒரு கூட்டம் வேணும். எல்லாருலயும்னா யாரெல்லாம்? வகுப்புலயா, வீட்லயா, ஊர்லயா? பின்னாடியே "தே"ன்னு போட்டு கூட்டத்தக் காட்டணும். ஒருத்திய மேல ஏத்தினா மிச்சப் பேரு கீழ நின்னுதான் ஆகணும்.*

ரெண்டாவது வழிக்குக் கூட்டமே வேணாம். சொல்லோட வால்ல "ஈசிமோ"ன்னு ஒட்டிடுவாங்க. காரோன்னா விலை அதிகம், காரீசிமோன்னா கிட்டயே போக முடியாது. த்ராங்கிலோன்னா அமைதி, த்ராங்கிலீசிமோன்னா... இதுக்கு நம்மகிட்ட வால் கெடையாது. ஆனா நாம இழுப்போமே, "அவ்...ளோ அமைதியா இருந்துச்சு"ன்னு, அந்த இழுப்புதான் ஈசிமோ. யாரையும் கீழ தள்ளாத உச்சம். எனக்கு இதுதான் ரொம்பப் புடிக்கும்.

* எங்க வீட்ல இந்தக் கூட்டத்துக்கு ரெண்டே பேரு. அக்காவும் நானும். சொந்தக்காரங்க யாரு வந்தாலும் அம்மா அறிமுகம் பண்றது ஒரே மாதிரிதான்: "பெரியவ தங்கம், பூமி மாதிரி பொறுமை. சின்னது வாயி." வாயின்னு ஒரு பட்டத்த வாங்கிட்டு வளந்தவ நானு. இந்த அடிக்குறிப்ப சும்மா போடல, பின்னாடி இது என்னக் கடிக்கும்.

4

அக்கா நர்ஸ். பதினோரு வருஷமா ஒரே வார்டு. எழுந்து நடக்க முடியாதவங்க, திரும்பிப் படுக்கக்கூட ஆள் வேணுங்கறவங்க, அவங்களோட வார்டு. போன வருஷம் அங்க ஸ்பானிஷ் மட்டுமே பேசற ஒரு தாத்தா எட்டு மாசம் இருந்தாரு. அவரு மக அரைகுறையா நம்ம மொழி பேசுவாங்க, எழுத வராது. அப்பா போனதும் அவங்க அழுதுகிட்டே ஒரு கடிதம் எழுதி அக்கா கையில வெச்சுட்டுப் போனாங்க, முழுக்க ஸ்பானிஷ்ல. அக்கா அத படிக்கத் தெரியாமலே மருந்து அட்டவணை வெக்கற ஃபைல்ல பத்திரமா வெச்சிருந்தா.

இப்ப ஆஸ்பத்திரியில புதுசா ஒரு பிரிவு தொறக்கறாங்க. வைத்தியம் முடிஞ்சு, வலி இல்லாம பாத்துக்கறது மட்டுமே மிச்சம் இருக்கறவங்களுக்கு. அதுக்குப் பொறுப்பு நர்ஸ் ஒருத்தங்க வேணும். நாலு பேரு போட்டிருக்காங்க. அக்கா அஞ்சாவது. மத்த நாலு பேருக்கும் பெரிய டாக்டர்ங்க கடிதம் கொடுத்திருக்காங்க. அக்கா யாருகிட்டயும் கேக்கல, கேக்க வராது அவளுக்கு. அவகிட்ட இருந்த ஒரே கடிதம் இதுதான்.

"ஏய் வாலு, இத கொஞ்சம் தமிழ்ல போட்டுத் தர்றியா? திங்கக்கெழம கொடுக்கணும்."

"கொண்டா. இதெல்லாம் எனக்கு டீ குடிக்கற நேரம்."

டீ குடிக்கற நேரத்துலதான் போட்டேன். ஆபீஸ்ல, ரெண்டு விமர்சனத்துக்கு நடுவுல. சாயங்காலம் அக்கா அத நின்னுகிட்டே படிச்சா. நாலு வரி. திருப்பிப் பாத்தா, பின்பக்கம் ஏதாவது இருக்கான்னு.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"நல்லாதான்டி எழுதியிருக்காங்க," அப்படின்னா. தாள மடிச்சா. "அன்னைக்கு அவங்க அழுத அழுகையில, என்னமோ பெருசா எழுதியிருப்பாங்கன்னு நெனச்சுட்டேன். நம்ம வேலைய நாம செஞ்சோம், அதுக்கு என்ன."

அப்பறம் போயி துணி மடிக்க ஆரம்பிச்சுட்டா. ஒண்ணும் நடக்காத மாதிரி. எனக்கும் அப்ப ஒண்ணும் தோணல. இன்னைக்குக் காலையில அந்த மெத்தை வர்ற வரைக்கும்.

5

விரல் நின்னதுக்கு அப்புறம் போன்ல கடிதத்தோட படத்தத் தேடி எடுத்தேன். பக்கத்துல என் தமிழையும் தொறந்து வெச்சேன். நான் ஆஸ்பத்திரிக்குன்னு எழுதிக் கொடுத்தது இது:

"பொறுமையான செவிலியர். நோயாளியை நன்றாகக் கவனித்துக்கொண்டார். நோயாளி அமைதியாக இறந்தார். சேவை திருப்தியளித்தது."

பாத்தீங்களா பொத்தான?

அந்தம்மா எழுதியிருந்தது இது:

"எங்க வாழ்க்கையில நாங்க பாத்த நர்ஸுங்கள்லயே பொறுமையானவங்க இவங்கதான். அப்பா கோவத்துல டம்ளரத் தூக்கி எறிஞ்சாரு. இவங்க அத எடுத்துக் கழுவி, மறுபடியும் தண்ணி ஊத்திக் கொடுத்தாங்க. அன்னைக்கு மட்டும் நாலு தடவ. அப்பா அவ்...ளோ அமைதியா போனாரு. அவரோட கடைசி மாசங்கள்ல அவருக்குக் கெடச்சதுலயே நல்லது இவங்கதான்."

அதுக்குக் கீழ இன்னொரு வரி. அத அப்பறம் சொல்றேன்.

6

இங்க என் கதாபாத்திரம் மேலயே எனக்கு சந்தேகம் வருது. கதையில வர்ற தங்கச்சியச் சொல்றேன்.

பழக்கதோஷம்னு எழுதிட்டா ஈஸி. ஒம்போது மாசம், ஒரு நாளைக்கு நூத்திப் பத்து, கை தானா இறக்கிடுச்சு. நீங்களும் நம்பிடுவீங்க. டம்ளர் வரியக்கூட 'குடும்பக் கதை'ன்னு கை வெட்டிடுச்சு, விதி அப்படி. சரி. ஆனா "நாங்க பாத்த நர்ஸுங்கள்லயே"ன்னு அந்தம்மா எழுதினத படிக்கறப்ப தங்கச்சிக்கு உள்ள எதுவுமே ஓடலயா? 'இங்கயும் பொறுமையாடா, அம்மா சொல்றது பத்தாதுன்னு ஸ்பானிஷ்ல வேறயா'ன்னு, ஒரு நொடி, அரை நொடி

[இந்த வாக்கியத்த முடிக்க மூணு தடவ பாத்தேன். முடியல.]

முடிவுகள யோசிச்சு வெச்சிருக்கேன். அ: எதையும் சொல்லாம விட்டுடறது. அக்காவுக்கே வேலை கெடச்சுடுது, நான் மட்டும் அவ மூஞ்சியப் பாக்காம சாப்பிடறேன். ஆ: சொல்லாம விட்டு, கெடைக்காம போயி, "பரவால்லடி"ன்னு அவ துணி மடிக்கறது. ஆ-வ எழுதிப் பாத்தேன். ரெண்டாவது வரியிலயே எழுந்து நின்னுட்டேன். நெஜமாவே, ஆபீஸ்ல, எழுந்து நின்னுட்டேன்.

கத்திரி நிமுந்து பாத்தாரு. "என்ன, மூட்டைப்பூச்சியா?"

"சார், ஒரு தாள் பிரிண்ட் எடுத்துட்டுக் கெளம்பணும். எங்கக்கா விஷயம்."

"எத்தன விமர்சனம் பாக்கி?"

"நாப்பது."

அந்தக் கடிதத்த முழுசா மறுபடியும் தமிழ்ல தட்டி பிரிண்ட் கொடுத்தேன். பிரிண்டர்ல இருந்து தாள எடுத்து அவரே ஒரு பார்வை பாத்தாரு. பாத்துட்டு என் கையில கொடுத்தாரு. "இதுல இறக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. போ."

7

நாலு முப்பத்தெட்டு. ஆஸ்பத்திரி மாடிப்படி. இதிலிருந்து நடந்தத நடந்த மாதிரியே எழுதறேன், தொடக்கம் முடிவுன்னு வெளையாட நேரமில்ல.

அக்கா கையில ஈரத்தோட எறங்கி வந்தா. "என்னடி, அம்மாவுக்கு ஏதாவதா?"

"அம்மா நல்லாருக்கா. அன்னைக்கு நான் கொடுத்த கடிதம் தப்பு. கொறச்சு எழுதிட்டேன். சரியானது இது."

படிக்கட்டு ஓரமா நின்னு படிச்சா. டம்ளர் வரியில கொஞ்சம் நின்னா. "நாலு தடவ இல்ல, அஞ்சு,"ன்னு முணுமுணுத்தா. அப்புறம் மேல போகாம, தாள்ல இருந்து கண்ண எடுக்காமலே கேட்டா:

"தெரிஞ்சே கொறச்சியா?"

இல்லன்னு சொல்ல வாய் தொறந்தேன். ஊருக்கே தெரிஞ்ச வாயி.

"தெரியலக்கா."

மேல வார்டுல யாரோ மணி அடிச்சாங்க. அக்கா ஒரு தடவ மேல நிமுந்து பாத்தா. அப்புறம் மிச்சத்தையும் படிச்சு முடிச்சா.

"ஓவரா இருக்குடி."

"எது?"

"எல்லாமே. நாங்க பாத்ததுலயே, கெடச்சதுலயே... இத நானே கொண்டு போயி எப்படிடி கொடுப்பேன்? சிரிப்பாங்க. கொஞ்சம் இறக்கி எழுதிக் குடு."

அந்த வார்த்தை எங்கிருந்து அவளுக்குத் தெரிஞ்சுது? நான்தான் தெனம் சாப்பிடறப்ப ஆபீஸ் கத சொல்லி சொல்லி... சரி விடுங்க.

"முடியாதுக்கா. அவங்க எழுதினது அதுதான்."

"அப்ப பழசே இருக்கட்டும். இந்தக் கடைசி வரிய மட்டும் அதுல சேத்துடு. அதுல ஒண்ணும் ஓவர் இல்ல."

கடைசி வரி. உங்களுக்கு நான் சொல்லாம வெச்சிருந்தது. அன்னைக்கு குடும்பக் கதைன்னு நான் மொத்தமா வெட்டிப் போட்டது. இன்னைக்கு தட்டறப்ப எழுத்து சரியாத் தெரியாம மூணு தடவ நிறுத்தி நிறுத்தித் தட்டினது:

"தன் தங்கச்சியப் பத்தி எங்ககிட்ட எப்பவும் பேசிட்டே இருப்பாங்க, வீட்லயே ஆகப் புத்திசாலி அவதான்னு."

லா மாஸ் லிஸ்தா தே லா காசா.

"இத போயி ஏன்க்கா அவங்ககிட்ட சொன்ன?"

"தாத்தாவுக்குத் தூக்கம் வராது. ஏதாவது பேசணும்ல, மக ஸ்பானிஷ்ல எடுத்துச் சொல்லுவாங்க," அப்படின்னா அக்கா. "அழாத, எனக்கு மணி அடிக்குது."

பழசோட நகல் ஒண்ணு என் பையில இருந்துச்சு, அதுல அந்த வரிய பேனாவால சேத்தேன். அக்கா ரெண்டு தாள்லயும் கையெழுத்துப் போட்டா, புதுசுலயும் பழசுலயும். போட்டுட்டு என் கையில கொடுத்துட்டு, ரெண்டு ரெண்டு படியா தாண்டி மேல ஓடிட்டா.

8

நாலு ஐம்பத்தொண்ணு. ஆஸ்பத்திரி ஆபீஸ் ஜன்னல் முன்னாடி எனக்கு முன்னால ஒருத்தரு நிக்கறாரு. போன்ல கட்டை விரலால இத தட்டிட்டிருக்கேன்.

புதுசக் கொடுத்தா அக்கா பேச்ச மீறினவ. பழசக் கொடுத்தா, அந்தம்மா அழுதுகிட்டே எழுதினத ரெண்டாவது தடவ வெட்டினவ. இந்தத் தடவ தெரிஞ்சே. எதக் கொடுக்கப் போறேன்னு இங்க எழுத மாட்டேன். உங்கள ஏமாத்தறதுக்கில்ல. எழுதிட்டா, நான் நல்லவளா கெட்டவளான்னு பாத்துட்டு நீங்க எழுந்து போயிடுவீங்க. இது அக்காவப் பத்தின கதை.

அதனால நீங்க எழுந்திரிக்காதீங்க. நாளைக்குக் காலையில பத்து மணி, தேர்வுக் குழுவோட நீள மேசை, அஞ்சு ஃபைலு. நாலுல பெரிய டாக்டர்ங்க கடிதம். அஞ்சாவத தொறக்கறது நீங்கதான்னு வெச்சுக்கோங்க. உள்ள ஒரே ஒரு தாள் இருக்கும், கீழ அக்கா கையெழுத்து, லேசா ஈரம் பட்டு மை கலைஞ்சிருக்கும். நாலஞ்சு வரின்னா அத நம்பிடாதீங்க. அதுக்கு மேலன்னா மெதுவா படிங்க, டம்ளர் வரியில ஒரு திருத்தம் உண்டு: அஞ்சு தடவ.

என் முன்னாடி நின்னவரு நகந்துட்டாரு. "அடுத்து யாரும்மா?"ங்கறாங்க.