ஒரு புழுகூட இல்லாத தோட்டம்

முத்தியால்பேட்டை வண்ணத்துப்பூச்சிப் பாதுகாப்புச் சங்கத்துக்கு, பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் என்பதால் பிரெஞ்சிலும் ஒரு பெயர் உண்டு. அதைத் தலைவர் கலியமூர்த்தியாலேயே ஒரே மூச்சில் சொல்ல முடியாது. ஆனாலும் பேனரில் தமிழுக்கு மேலே அதுதான் இருந்தது. உறுப்பினர்கள் ஏழு பேர். சொத்து, தலைவர் வீட்டு மொட்டைமாடியில் பதினான்கு தொட்டி எருக்கஞ்செடி. வருகிற ஞாயிற்றுக்கிழமை தாவரவியல் பேராசிரியை தீபலட்சுமி வந்து தோட்டத்தைத் திறந்து வைக்கிறார். அவர் ரிப்பன் வெட்டும்போது ஒரே ஒரு வண்ணத்துப்பூச்சியாவது பறக்க வேண்டும். ஒரு மாதமாகக் கலியமூர்த்திக்கு இதுதான் கவலை.

செடிக்கு அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. மணல் கலந்த மண், தொட்டியின் அடியில் ஓட்டை, இரண்டு நாளைக்கு ஒரு தரம் தண்ணீர். குருத்தில் மஞ்சளாக மொய்த்த செடிப்பேன்களைத் தண்ணீர் பீய்ச்சி விரட்டினார். தினமும் காலையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டி தொட்டியாக ஆய்வு நடத்தினார். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆய்வு நடத்தாவிட்டால் அவருக்குக் காபி இறங்காது. இலையில் ஓட்டை தெரிந்தால் முகம் சுருங்கும். ஓட்டை போட்ட புழு, கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை போட்டுக்கொண்டு, ஓடி ஒளியாமல் அங்கேயே தின்றுகொண்டிருக்கும். அதை இடுக்கியால் எடுத்து டப்பாவில் போட்டு, பின்கட்டில் குடியிருக்கும் அஞ்சலாட்சியைக் கூப்பிடுவார்.

"அஞ்சலா, இத எங்கனா தூரமாப் போட்டுடு."

தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள் அஞ்சலாட்சி. துணி காயப்போட மாடிக்கு வந்தவள் முதல் நாளே கேட்டாள்.

"சார், இந்தப் புழுதானே பூச்சியாவும்?"

"ஆவும். யாரு இல்லன்னது? அதெல்லாம் காட்டுல ஆவட்டும். இது முன்மாதிரித் தோட்டம்."

"அப்ப இங்க பூச்சி எங்கேர்ந்து சார் வரும்?"

"செடி நல்லா இருந்தா தானா வரும்மா. ஆபீஸ் சுத்தமா இருந்தா ஜனம் தேடிக்கிட்டு வராது? முப்பத்தாறு வருஷம் ஆபீஸ் பாத்தவன் சொல்றேன்."

அவர் ஆபீசைத் தேடிக்கொண்டு போன ஜனத்தில் அஞ்சலாட்சியும் ஒருத்தி. அலைந்த அலைச்சல் நினைவுக்கு வர, டப்பாவோடு இறங்கிவிட்டாள்.

தூரமாய்ப் போட மனசு வரவில்லை. காலிமனையிலிருந்து இளஞ்செடி மூன்றைப் பிடுங்கி வந்து, குழாயடியில் பழைய பெயிண்ட் வாளிகளில் நட்டுப் புழுக்களை விட்டாள். தினமும் தண்ணீர் ஊற்றியதில் ஒரு செடி வேரழுகிச் செத்தது. மற்ற இரண்டையும் புழுக்கள் நான்கே நாளில் குச்சியாக்கின. அதன்பிறகு வேலை முடிந்து வரும்போது வழியில் தழை ஒடித்துவர ஆரம்பித்தாள்.

"என்னாடி அஞ்சலா, புள்ளையாருக்கு எருக்கு மாலையா? சதுர்த்திக்கு இன்னும் ஆறு மாசம் கெடக்குதே!" என்றாள் கூட வேலை செய்யும் மாலா.

"எங்கூட்ல பதினோரு புள்ளைங்க. சோறு போட்டா திங்கமாட்டேங்குதுங்க, நான் என்னா பண்ண?"

சனிக்கிழமை சங்கச் செயலாளர் அன்பழகன் துணியும் நல்லெண்ணெயுமாக மாடியேறினார். எருக்கிலையின் மேல் இயற்கையாகவே படிந்திருக்கும் வெள்ளை மாவு, தலைவர் கண்ணுக்குத் தூசியாகப் பட்டிருந்தது. சாயங்காலம்வரை துடைத்தார்கள். செடிகள் கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற குத்துவிளக்கு மாதிரி மின்னின.

ஞாயிற்றுக்கிழமை பேராசிரியை வந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். அவர் ஓர் இலையைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தார்.

"என்ன சார் இது?"

"நல்லெண்ணெய் மேடம். செக்குல ஆட்டுனது."

"புழு எங்க இருக்கு?"

கலியமூர்த்தி நிமிர்ந்து நின்றார். "ஒன்னுகூட கெடையாது மேடம். நீங்க எந்தத் தொட்டிய வேணாலும் பாக்கலாம்."

பேராசிரியை நிஜமாகவே எல்லாத் தொட்டியையும் பார்த்தார். பிறகு ரிப்பனை வெட்டினார். ஆறு பேர் கைதட்டினார்கள். அன்பழகன் போட்டோ எடுத்தார். தலைவர் வானத்தைப் பார்த்தார். ஒரு காக்கை போயிற்று.

"கை கழுவணும். குழாய் எங்க?" என்றார் பேராசிரியை.

கீழே குழாயடியில் அஞ்சலாட்சி, வைத்திக்குப்பத்தில் வாங்கிவந்த சங்கரா மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெயிண்ட் வாளிகளில் இலையே இல்லாத குச்சிகள். செருகி வைத்த தழைகளில் புழுக்கள். துணிக்கொடியில் பச்சைக் கம்மல்போலக் கூட்டுப்புழுக்கள் தொங்கின. ஒரு கூடு காலியாகியிருந்தது. அதிலிருந்து வந்தது, ஆரஞ்சு நிறச் சிறகில் கறுப்புக் கரையோடு, வாளியின் கைப்பிடியில் உட்கார்ந்து சிறகு உலர்த்திக்கொண்டிருந்தது.

பேராசிரியை பொன்னாடையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். "யாரும்மா வளக்கறது?"

"சாரோடதுதாங்க. அவுரு போடச் சொல்லுவாரு, நான் போடாம வெச்சுக்குவேன்."

கலியமூர்த்தி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். நிலைமையை ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். அனுபவம் சும்மா இல்லை.

"இது நம்ம சங்கத்தோட கீழ்த்தளப் பிரிவு மேடம்."

"பிரிவா? மீன் கழுவுற எடம் சார் இது" என்றாள் அஞ்சலாட்சி.

பேராசிரியை சிரித்த சிரிப்பில் வண்ணத்துப்பூச்சி எழும்பியது. அன்பழகன் போனைத் தூக்குவதற்குள் மதிலைத் தாண்டிவிட்டது. ஆனால் கலியமூர்த்தி பார்த்துவிட்டார். வாய் திறந்தபடியே, அது போன திசையைப் பார்த்து வெகுநேரம் நின்றார். ஒரு மாதமாக மனப்பாடம் செய்த உரையைப் பேசவே மறந்துபோனார். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

திங்கள் சாயங்காலம் அவர் தனியாகப் பின்கட்டுக்கு வந்தார்.

"ஏம்மா... ரெண்டு புழு இருந்தா குடேன்."

அவள் ஒரு கிளையோடு மூன்றாகக் கொடுத்தாள். "சார், எண்ணெ தடவாத செடி இருக்குதா?"

"ஒன்னு இருக்குது. எண்ணெ பத்தல."

தளும்பும் சாம்பார் வாளியைத் தூக்குகிறவர்போல ஒவ்வொரு படியாக ஏறினார். அஞ்சலாட்சி அரிசி களைந்து உலை வைத்தாள். அப்போது மேலே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி அவர் கூவினார்:

"அஞ்சலா! திங்குது! பெரிய எலையா பாத்துத் திங்குது!"